யானைச் சீட்டு

மணி இரண்டு இருபது, இன்னும் நாற்பது நிமிஷம், அதற்குள் பதினான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு மிருகத்தைப் பாட்டில் கட்டிப்போட வேண்டும், நானோ ஒரு சின்னச் சீட்டை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நிற்கிறேன். விரலெல்லாம் வெள்ளை. யானை. எழுதியது நான்தான். காலை இடைவேளையில் ஒரு காதில் போன், மறு கையில் பேனா. போனில் வீட்டுக்காரர். "இந்தா பாரு கோமு, மாறுதல் கவுன்சலிங் தேதி வந்தாச்சு, இந்தத் தடவையும் விட்டேன்னா நீ அந்த மலையிலேயே ரிட்டயர் ஆக வேண்டியதுதான்." ம், ம் என்று சொல்லிக்கொண்டே முயல், நாய், பசு, கரடி, குரங்கு, கழுதை, யானை என்று எழுதினேன், கிழித்தேன், மடித்தேன், ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினேன். யா என்றால் யானை. இருபத்திரண்டு வருஷமாகப் பலகையில் எழுதிய கை, அதற்கு யோசனையே வேண்டாம். யோசிக்க வேண்டியது நான். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் தனுஷியா உட்கார்ந்திருக்கிறாள், நாலு மாதத்துக்கு முன்னால் அவள் அம்மா முத்துப்பேச்சியை யானை அடித்துக் கொன்றது, அந்தப் பிள்ளை இருக்கிற வகுப்பில் யானை என்று எழுதிப் போட்டுக் குலுக்கியிருக்கிறாயே, உனக்குத் தலையில் இருப்பது மூளையா களிமண்ணா என்று யாராவது கேட்க வேண்டும். கேட்க யாருமில்லை. தலைமையாசிரியை மேரி டீச்சர் பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஓரிரண்டு இரண்டு. ஈரிரண்டு நான்கு. பதினான்கில் ஒன்று. அந்த ஒன்று அவள் கைக்கேதான் போக வேண்டுமா?

சீட்டைப் பிரித்தபோதாவது அவள் அழுதிருக்கலாம். அழுதால் அணைத்துக்கொண்டிருப்பேன், சீட்டையும் பிடுங்கியிருப்பேன், எல்லாம் அந்த நிமிஷத்தோடு முடிந்திருக்கும். அவள் அழவில்லை. சீட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முகர்ந்து பார்ப்பவளைப் போல வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருக்கிற செர்லின்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், தனுஷியாவுக்கு யானை டீச்சர்!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதின்மூன்று முகங்கள் என் பக்கம் திரும்பின. அப்போது நான் என்ன செய்தேன்? "சரி சரி, நேரமாகுது, எழுதுங்க" என்றேன். நேரமாகுதாம். அன்றைக்கும் அவள் அம்மாவிடம் அதைத்தானே சொன்னேன். வேண்டாம், அங்கே போகாதே. பலகையைப் பார். பலகையில் பூனை இருக்கிறது. பூ மேலே, னை கீழே. இந்தப் பாட்டைக் கண்டுபிடித்தவன் எந்த ஊர்க்காரனோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். போன மாதப் பயிற்சியில் ஒரு தம்பி திரை போட்டுக் காட்டினான், மிருகத்தின் பெயரை ஓரத்தில் மேலிருந்து கீழே எழுத வேண்டும், ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வரி தொடங்க வேண்டும், அவ்வளவுதான் மேடம், ரொம்ப சிம்பிள் என்றான். சிம்பிளாம். னை என்று தொடங்குகிற வார்த்தை ஒன்று சொல்லப்பா பார்க்கலாம் என்று கேட்டேன். தம்பி தண்ணீர் குடித்தான். இன்றைக்கு நானும் பிள்ளைகள் முன்னால் அதே இடத்தில் முழித்து, கடைசியில் என் சொந்தச் சட்டம் ஒன்று போட்டேன்: முதல் எழுத்து முதலில் வரட்டும், மற்றது வரிக்குள் எங்கே ஒளிந்திருந்தாலும் வட்டம் போட்டுக் காட்டினால் போதும். ‘பூட்டிய வீட்டுக்குள் எப்படி நுழைந்தாய்? அடுப்படிப் பானையை உருட்டியது நீதானே?’ பானையில் உள்ள னைக்கு வட்டம் போட்டதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். தனுஷியா தட்டவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை இன்று நேற்று வந்ததல்ல. நாலு மாதமாகவே அப்படித்தான் பார்க்கிறாள். நான் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் போதும், அந்தச் சுருங்கிய கண் என் மேல் நிற்கும். கண்ணைச் சுருக்குவார்கள், யாரைப் பார்த்து? ஆகாதவர்களைப் பார்த்துத்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்படிப் பார்க்கத் தெரியுமா? தெரியும், ஏன் தெரியாது. எனக்கு ஒன்பது வயதில் பெரியப்பாவைப் பிடிக்காது, அவர் வாசல் ஏறும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று இப்படித்தான் பார்ப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். சரி, மாற்றிவிடலாம், அவள் பெயரைச் சொல்லாமல் பொதுவாகச் சொல்லிவிடலாம். "பிள்ளைங்களா, யாருக்காவது வேற மிருகம் வேணும்னா இப்ப மாத்திக்கலாம், ரெண்டே நிமிஷம்." சொல்லி வாயை மூடவில்லை, வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. கழுதை வந்த அபினேஷ் அதை யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறான், ஒருவரும் சிக்கவில்லை. கரடிக்காரி முயலுக்குப் போகிறாள், முயல்காரன் புலி கேட்கிறான், புலி வைத்திருப்பவன் கொடுக்க மாட்டேன் என்று பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்கிறான். செர்லின் தன்னுடைய பசுவை நீட்டி, "இந்தாடி, நீ இத எடுத்துக்கோ" என்கிறாள். நல்ல பிள்ளை. என்னைவிட நல்ல பிள்ளை. தனுஷியா தலையை ஆட்டுகிறாள். வேண்டாமாம். உள்ளங்கையைத் திறக்கவே இல்லை. இரண்டு நிமிஷம் முடிந்தது, மாறிய மிருகங்கள் மாறி உட்கார்ந்துவிட்டன, யானை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்று சொல்லக்கூட வழியில்லை, எனக்கு முடிந்தது யானையாகவே இருக்கிறது. ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறாள்? எனக்கு எதையோ எழுதிக் காட்டப் போகிறாளா?

அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. பதினாறாம் நாள் போயிருந்தேன், நானும் மேரி டீச்சரும். எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் தனுஷியாவின் அப்பா பேச்சிமுத்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டார், கட்டங்காப்பி கொடுத்தார், சுவரில் மாலை போட்ட படத்தில் முத்துப்பேச்சி போட்டோ ஸ்டுடியோக்காரன் சொன்னபடி தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். "பெரியவரு வந்தாரு டீச்சர், இவ எதிர போயிட்டா, அவ்வளவுதான்." பெரியவர். இந்த எஸ்டேட்டில் இலை பறிக்கிறவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள், பெயர் சொன்னால் கூப்பிட்ட மாதிரியாம். நான் கீழ்நாட்டுக்காரி, முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஏதோ மாமனாரைச் சொல்வது மாதிரி. இப்போது சிரிப்பில்லை. அந்த வீட்டில் துக்கத்துக்குப் பிறகு தனுஷியாவின் தம்பி படப் புத்தகத்தைத் திறந்து யானை என்று சொன்னதற்கு அப்பா கையை ஓங்கிவிட்டாராம், செர்லின்தான் சொன்னாள். சொல்லக்கூடாத பெயர். இந்தப் பாட்டு அந்தப் பெயரைத்தான் முதலில் கேட்கிறது. வேறு எந்தப் பாட்டானாலும் பெயரைச் சொல்லாமலே எழுதிவிடலாம், பெரிய காது, குட்டி வால் என்று சுற்றி வந்துவிடலாம். இது அப்படி விடாது. முதலில் பெயரை எழுது, ஓரத்தில், பெரிதாக, மேலிருந்து கீழே, ஒவ்வோர் எழுத்தாக, பிறகு ஒவ்வோர் எழுத்தோடும் உட்கார்ந்து யோசி என்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் கொடுத்திருக்கிற வேலை இது. அவள் நோட்டில் இன்னும் ஒன்றும் இல்லை. இங்கிருந்தே தெரிகிறது, வெள்ளையாக இருக்கிறது. பென்சில் ஓரத்துக்கு மேலே நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. இறங்க வேண்டாம் கண்ணு. இறங்க வேண்டாம்.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலை மேட்டைத் தின்றுகொண்டே வருகிறது. அன்றைக்கும் இதே மாதிரி, ஆனால் மழையும் இருந்தது, ஜூலை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், மூன்று மணிக்கு என்று சீட்டு அனுப்பியவள் நான். வர வேண்டிய அதிகாரி வந்தது நாலே முக்கால். அதுவரை பத்துப் பெண்களை இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று உட்கார வைத்தவளும் நான். கையெழுத்து குறைந்தால் தீர்மானம் செல்லாது, அதுதான் என் கவலை. பெண்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிக் கையெழுத்து முத்துப்பேச்சியுடையது. புருஷனின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டிருந்தாள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக, மு, த், து, கோலம் போடுகிற நிதானத்தில் எழுதினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பது. ஐந்து நாற்பத்தைந்துக்கு என் பஸ், அதை விட்டால் வேறு கிடையாது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் போகவில்லை. மற்றவர்கள் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள், கூட்டமாகப் போனால்தான் அந்தப் பாதையில் பயமில்லை, இவள் மட்டும் நின்றாள். "டீச்சர், ஒரு விஷயம்" என்றாள். ஒரு விரலைக் கண்ணுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? அவள் வாய் அசைந்தது ஞாபகம் இருக்கிறது, மடித்த சட்டைக் கையில் சொட்டுச் சொட்டாக ஈரம் நின்றது ஞாபகம் இருக்கிறது, அந்த விரல் ஞாபகம் இருக்கிறது. சொன்னது மட்டும் இல்லை. நான் அப்போது பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். "நேரமாகுதும்மா, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன். பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் கிடைத்தது. ஜன்னலோர இடமும் கிடைத்தது. தேயிலைக்குள் இறங்குகிற குறுக்குப் பாதையில் ஒரு டார்ச் வெளிச்சம் தனியாகப் போவதைப் பார்த்தேன், அப்பாடா, உட்கார இடம் கிடைத்ததே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. பேச்சிமுத்து கேட்கவில்லை, கூட்டத்துக்கு வந்த பெண்கள் கேட்கவில்லை, மேரி டீச்சர், "நீங்க என்ன பண்ணுவீங்க கோமு, அதெல்லாம் விதி" என்றார். விதிக்கு வேறு வேலையில்லையா? நான் பதிவேட்டை நீட்டி உட்கார வைத்ததை விதியின் கணக்கில் எழுதிவிடலாமா? இரண்டு இருபது போய் இரண்டு நாற்பது ஆகிவிட்டது. அபினேஷ் கழுதையை முடித்துவிட்டான். "டீச்சர், கேளுங்க! கத்தினால் ஊரே கேட்கும்! பழுத்த இலையையும் விட மாட்டாய்! எங்கள் துணியைத் தின்னாதே!" ழு பழுத்த இலைக்குள் ஒளிந்திருக்கிறது, தை இருக்க வேண்டிய இடத்தில் தே நிற்கிறது, இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறேன். யாரோ, "ஆனை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே, இத எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்குப் பக்கத்துப் பையனிடம் தலையில் குட்டு வாங்குகிறான். எங்கள் ஊர்க் கோவில் யானைக்கு மணி உண்டு. தெரு முனையில் கேட்கும்போதே நாங்கள் ஓடிப் போய் நிற்போம், தும்பிக்கை தலையில் ஈரமாக விழும், அந்த ஈரத்தை நாள் முழுக்கத் துடைக்க மாட்டேன். இங்கே இருப்பவருக்கு யார் மணி கட்டுவது. அவ்வளவு பெரிய உடம்பு தேயிலைக்குள் நின்றால் சத்தமே இருக்காதாம், பத்தடி தூரத்தில் நிற்பாராம், பாறை என்றுதான் நினைப்போமாம். முத்துப்பேச்சி என்ன நினைத்தாளோ. என்னிடம் சொல்ல வந்ததை மனசில் போட்டுக் குழப்பிக்கொண்டே நடந்திருப்பாளோ, அதனால்தான் முன்னால் பார்க்கவில்லையோ. அந்த விரல். கண்ணுக்குக் கீழே. அழுதாளா? புருஷன் அடிக்கிறானா? சத்துணவைப் பற்றியா? தினம் ராத்திரி ஒன்று நினைக்கிறேன், எதுவும் அந்த விரலோடு பொருந்தவில்லை. கவுன்சலிங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். சமவெளி. தட்டையான ஊர். அங்கே யாரும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க மாட்டார்கள். போய்விட்டால், முத்துப்பேச்சி சொன்னது என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

இரண்டு நாற்பத்தைந்து. எல்லாத் தலையும் குனிந்திருக்கிறது, ஒரு தலையைத் தவிர. பார்க்கிறாள். அதே கண். போ, போய்க் கேட்டுவிடு, எத்தனை நாளைக்கு இப்படிப் பூனை மாதிரி சுவரோரமாகவே நடப்பாய். இரண்டாவது வரிசையைத் தாண்டுகிறேன். முட்டி போட்டு அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன், என் முட்டி ‘டக்’ என்கிறது, செர்லின் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொள்கிறாள். நோட்டு வெள்ளை. தேதிகூட இல்லை.

"தனுஷியா. இந்த யானை வேணாம்டா. டீச்சர் தெரியாமப் போட்டுட்டேன். அந்தச் சீட்ட எங்கிட்டக் குடுத்துரு."

"இல்ல டீச்சர். எனக்கு இதான் வேணும்."

"எழுதலையே கண்ணு நீ. அந்தப் பேர எழுத வேணாம். அப்பா கோவிச்சுப்பாங்கல்ல."

"அப்பாவுக்குத்தான் பயம். எனக்கு ஒண்ணும் பயமில்ல." பென்சிலின் பின்பக்கத்தைக் கடிக்கிறாள். "எப்படி எழுதணும்னு தெரியல டீச்சர்."

"போர்டுல பூனைக்குப் போட்டிருக்கேனே, அது மாதிரிதான்."

அவள் பலகையைப் பார்க்கிறாள். கண்ணைச் சுருக்குகிறாள். இவ்வளவு பக்கத்தில் இருந்து அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. அது என்னைப் பார்க்கவில்லை. நான்தான் பலகைக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"வெள்ளையா இருக்கு டீச்சர். எழுத்து தெரியல. செர்லின் சொல்லுவா, நான் எழுதுவேன். இன்னைக்கி அவளுக்குப் பசு, எனக்கு யானை, அதான் பாத்து எழுத முடியல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதைப் போல, "அம்மா உங்ககிட்டச் சொல்லலையா? கூட்டத்துக்கு வரும்போது சொல்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்துச்சு. எல்லாரும் போனப்பறம் சொல்லும்மா, இவங்க முன்னாடி சொன்னா என்னயச் சோடாபுட்டின்னு கூப்புடுவாங்கன்னு நான்தான் சொன்னேன்."

எல்லாரும் போன பிறகு. அதற்குத்தான் நின்றாள். கண்ணுக்குக் கீழே விரல். "புள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியல போல டீச்சர், கொஞ்சம் முன்பெஞ்சுல உக்கார வைங்க." பீரோச் சாவி பூட்டுக்குள் திரும்புகிற சத்தத்துக்கு அடியில் அந்தக் குரல் நாலு மாதமாகக் கிடந்திருக்கிறது. நான் கேட்டிருக்கிறேன். காது கேட்டிருக்கிறது, நான்தான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நாலு மாதமாக என் பாவம், என் பதிவேடு, என் பயம் என்று என்னையே சுற்றிக்கொண்டிருந்தேனே, அந்த நாலு மாதமும் இந்தப் பிள்ளை பலகை தெரியாமல் மூன்றாவது வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுதுவிடுவேன் போலிருக்கிறது, பதின்மூன்று பிள்ளைகள் பார்க்க. பார்க்கட்டும்.

"சொன்னாங்க கண்ணு. அம்மா சொன்னாங்க. நான்தான் கேக்கல. டீச்சர் மேலதான் தப்பு. உன் மேல இல்ல, அம்மா மேல இல்ல."

அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். பக்கத்தில் இருப்பதால் கண்ணைச் சுருக்காமலே பார்க்கிறாள்.

"சொல்லுச்சா?"

"சொன்னாங்க."

"மறந்திருக்கும்னு அப்பா சொன்னாங்க டீச்சர். மறக்காதுன்னு நான் சொன்னேன்."

நோட்டை எடுத்துக்கொள்கிறாள், பென்சிலை எடுத்துக்கொள்கிறாள், மூடிய உள்ளங்கையில் சீட்டு. முதல் பெஞ்சில் அபினேஷைக் கழுதையோடு நகர்ந்து உட்காரச் சொல்கிறேன், நகர்கிறான். தனுஷியா உட்கார்ந்து பலகையை நிமிர்ந்து பார்க்கிறாள். முன்பெஞ்சிலும் கொஞ்சம் சுருக்கித்தான் பார்க்கிறாள், கண்ணாடி வாங்க வேண்டும், நாளைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், நாளை இல்லை, இன்றைக்கே பேச்சிமுத்துவுக்குப் போன் செய்ய வேண்டும். "பூட்டிய, வீட்டுக்குள், எப்படி, நுழைந்தாய்," அவள் சத்தமாக ஒவ்வொரு வார்த்தையாக வாசிக்கிறாள். "ஓ. கேள்வி கேக்கலாமா டீச்சர்? அதுகிட்ட?"

"கேக்கலாம். என்ன வேணும்னாலும் கேக்கலாம்."

"ரெண்டு வரிதான் கேக்கணுமா?"

"எத்தன வரி வேணும்னாலும் எழுது."

சீட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள், என் கையெழுத்து. நோட்டின் ஓரத்தில் மேலே, கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக, யா என்று எழுதுகிறாள். மணி மூன்று அடிக்கிறது. பிள்ளைகள் பையை எடுக்கிறார்கள், வெளியே லைன் வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து நிற்கிறார்கள், இப்போதெல்லாம் கூட்டமாக வந்துதான் கூட்டிப்போகிறார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. "அவ முடிக்கட்டும், கொஞ்சம் இருங்க" என்று வாசலில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், பலகையை அழிக்காமல் ஒதுங்கி நிற்கிறேன்.